குழாயின் ஆயுள் மரையில் தெரியும்

இரும்புக் கடையில் ஜி.ஐ. எனப்படும் துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்புக்கு விலை பேசும்போதே அதன் ஆயுளும் பேச்சில் வந்துவிடும். முப்பது வருஷம் என்பார் ஒருவர், ஐம்பது என்பார் இன்னொருவர், அதற்கும் மேலே போகும் விளம்பரங்களும் உண்டு. இவை எல்லாமே பொய் என்று தள்ளிவிட முடியாது. ஏதோ ஓர் ஊரின் காற்றில், ஏதோ ஒரு கிணற்றின் தண்ணீரில் அந்தக் குழாய் அத்தனை ஆண்டுகள் உழைத்திருக்கக்கூடும். அந்த ஊர் எது, அந்தத் தண்ணீர் எப்படிப்பட்டது என்பதை மட்டும் விற்பவர் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. ஒரு குழாயின் வயதைத் தீர்மானிப்பவை மூன்று: வெளியே படும் காற்று, உள்ளே ஓடும் தண்ணீர், குழாயையும் குழாயையும் சேர்க்கும் எல்போ, டீ, சாக்கெட், நிப்பிள் போன்ற இணைப்புகளின் மரை. இந்த மூன்றையும் அளந்தால் ஆயுளை முன்கூட்டியே கணிக்க முடியும். அதற்கான அறிவியல் இருக்கிறது. அளக்கும் கருவிகளும், வேண்டிய தரவுகளில் பெரும்பகுதியும் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. ஆகவே, பொதுப்பணத்தில் பதிக்கப்படும் ஒவ்வொரு ஜி.ஐ. குழாய்த் தொடருக்கும், அது எந்த ஊரில் எந்தத் தண்ணீரில் எத்தனை ஆண்டு தாங்கும் என்ற கணிப்பை எழுத்தில் கேட்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

குழாயின் மேல் இருக்கும் துத்தநாகப் பூச்சு என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த இரும்பு எளிதில் துருப்பிடிப்பதில்லை என்பதை 1742-ல் பிரெஞ்சு வேதியியலாளர் மலூவேன் பாரிஸ் அறிவியல் கழகத்தில் விவரித்தார். 1837-ல் சோரல் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றைக்கும் முறை ஏறக்குறைய அதுவேதான். அமிலத்தில் கழுவிய இரும்பை, சுமார் 450 டிகிரி செல்சியஸில் துத்தநாகம் உருகிக் கிடக்கும் தொட்டியில் இறக்கி எடுக்கிறார்கள். இரும்பை ஒட்டி இரண்டு உலோகமும் கலந்த அடுக்குகளும், அவற்றின் மேல் தூய துத்தநாகமும் படிகின்றன. பெயிண்டைப் போல உரிந்து வராமல் இரும்போடு பிணைந்து நிற்கும் பூச்சு இது. ஈரமும் உலர்வும் மாறிமாறி வரும் காற்றில் துத்தநாகத்தின் மேல் கார்பனேட் படலம் உருவாகி அரிப்பைத் தாமதப்படுத்துகிறது. எங்காவது கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தால், இரும்பைவிட எளிதில் கரையும் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. வெளிக்காற்றில் இந்தக் கரைவு ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே அளவில் நடப்பதால், கணக்கும் எளிதாகிவிடுகிறது. பூச்சின் தடிமனை, ஓராண்டில் கரையும் அளவால் வகுத்தால் பூச்சின் ஆயுள் வந்துவிடும்.

உதாரணத்துக்கு, ஒரு தலைமுடியின் தடிமனான 70 மைக்ரான் பூச்சை எடுத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு 500 கிராம் துத்தநாகம் என்பதும் இதுவும் ஒன்றுதான். ஐ.எஸ்.ஓ. 9223 என்ற உலகத் தரநிலை, காற்றை அதன் அரிக்கும் திறனைப் பொறுத்து ஆறு வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகையிலும் துத்தநாகம் ஓராண்டில் எவ்வளவு கரையும் என்று வரம்பு தருகிறது. மிதமான மூன்றாம் வகைக் காற்றில் 0.7 முதல் 2.1 மைக்ரான். அதாவது நமது 70 மைக்ரான் பூச்சு 33 முதல் 100 ஆண்டுகள் வரை தாங்கும். உப்புக்காற்று ஓயாமல் படும் கடலோரத்தைப் போன்ற ஐந்தாம் வகையில் 4.2 முதல் 8.4 மைக்ரான். அங்கே அதே பூச்சு 8 முதல் 17 ஆண்டுக்குள் முடிந்துவிடும். அதற்கும் மேலான கடும் வகையில் 25 மைக்ரான் வரை கரையலாம். அப்படியானால் மூன்றாண்டு தாங்குவதே பெரிது. ஒரே தொழிற்சாலையில், ஒரே நாளில், ஒரே தொட்டியில் பூசி எடுத்த பொருள் ஓரிடத்தில் பேரன் காலம்வரை இருக்கிறது, இன்னோரிடத்தில் வீட்டுக்கடன் அடைபடுவதற்கு முன்பே துருப்பிடிக்கிறது. இடத்தைச் சொல்லாமல் ஆயுளை மட்டும் சொல்வது, எந்த ஊருக்கு என்று சொல்லாமல் பேருந்துக் கட்டணத்தைச் சொல்வதற்குச் சமம்.

காற்றின் வகையைக் கண்டுபிடிப்பதும் நமக்குப் புதிய வேலை இல்லை. 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-ல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், ‘சிக்ரி’ என்று நாம் அறிந்தது, நாட்டின் பல இடங்களில் உலோகத் தகடுகளை வெயிலிலும் மழையிலும் வைத்து, அவற்றின் எடை இழப்பை அளந்து, இந்தியாவின் அரிப்பு வரைபடத்தை உருவாக்கியிருக்கிறது. மண்டபம் கடலோரத்தில் அதற்கென்று தனிச் சோதனைத் தளமும் உண்டு. மண்டபத்தின் காற்றும் கரூரின் காற்றும் ஒன்றல்ல என்பது அங்கே வெறும் அனுபவ அறிவாக நின்றுவிடவில்லை, எண்ணாகப் பதிவாகியிருக்கிறது. ஒரே ஊருக்குள்கூடக் கடற்கரையிலிருந்து சில நூறு மீட்டர் உள்ளே வந்தாலே காற்றில் உப்பின் படிவு வேகமாகக் குறைகிறது. ஆகவே கடற்கரைச் சாலையில் இருக்கும் பள்ளிக்கும் அதே மாநகரின் மேற்குப் புறநகரில் இருக்கும் பள்ளிக்கும் ஒரே விவரக்குறிப்பில் குழாய் வாங்குவதற்கு அறிவியல் காரணம் எதுவும் கிடையாது. காற்றின் குணம் காலத்தோடும் மாறுகிறது. நிலக்கரிப் புகையின் கந்தக டை-ஆக்சைடு குறையக் குறைய, ஐரோப்பிய நகரங்களில் துத்தநாகம் கரையும் வேகமும் குறைந்தது. முன்பு போட்ட கணக்கை அங்கே திருத்த வேண்டியிருந்தது. கணிப்பு என்பதைக் கல்வெட்டாக நினைக்காமல், அவ்வப்போது புதுப்பிக்கும் பேரேடாக நினைக்க வேண்டும் என்பதற்கு அதுவே சான்று.

இதுவரை சொன்னது குழாயின் வெளிப்புறக் கதை, அதிலும் சுலபமான பாதி. பெரும்பாலும் குழாய் உயிரை விடும் இடம் அதன் நடுப்பகுதி இல்லை. ஒழுகலைத் தேடிப் போகும் பிளம்பர், நீண்டு கிடக்கும் பைப்பைப் பார்க்கமாட்டார், மூட்டைத்தான் முதலில் தடவிப் பார்ப்பார். அதற்கு வலுவான கணக்கு இருக்கிறது. வீடுகளில் பரவலாகப் பயன்படும் அரை அங்குல, நீலக் கோடு போட்ட ‘பி கிளாஸ்’ பைப்பின் வெளிவிட்டம் சுமார் 21.3 மி.மீ., சுவரின் தடிமன் 2.6 மி.மீ. அந்த அளவுக்கு உரிய மரையை வெட்டினால் பள்ளத்தில் விட்டம் 18.6 மி.மீ. ஆகிவிடும். உள்விட்டம் 16.1 மி.மீ. என்பதால், மரையின் அடியில் மிஞ்சும் இரும்பு சுமார் 1.3 மி.மீ. மட்டுமே. விலை குறைவு என்று மஞ்சள் கோட்டு ‘ஏ கிளாஸ்’ வாங்கினால் 2 மி.மீ. சுவரில் மிஞ்சுவது சுமார் 0.7 மி.மீ. இது போதாதென்று, கட்டட இடத்திலேயே டை வைத்து மரை வெட்டும்போது, வெட்டிய இடத்தில் துத்தநாகப் பூச்சு முழுவதும் சீவப்பட்டுவிடுகிறது. குழாயில் சுவர் மிக மெலிந்த இடமும், பூச்சு இல்லாத இடமும் ஒரே இடமாக அமைந்துவிடுகின்றன. பக்கத்தில் இருக்கும் துத்தநாகம் சில மி.மீ. தூரம்வரை காவல் இருக்கும் என்பது உண்மை. அந்தக் காவலும் கரைந்து தீரும் காவல்தான்.

இணைப்புத் துண்டுகளுக்கு இன்னொரு குறையும் உண்டு. எல்போ, நிப்பிள் போன்ற சிறிய பொருள்களைத் துத்தநாகத் தொட்டியிலிருந்து எடுத்ததும், மரையிலும் மூலையிலும் தேங்கும் உலோகம் வழிந்து போவதற்காகக் கூடையில் போட்டுச் சுழற்றும் வழக்கம் இருக்கிறது. சுழற்றினால் பூச்சு மெலியும். அதனால்தான் ஐ.எஸ்.ஓ. 1461 தரநிலை, 6 மி.மீ.க்கு மேற்பட்ட கனத்த இரும்புக்கு 85 மைக்ரான் சராசரி கேட்கும் அதே கையால், சுழற்றி எடுத்த சிறு பொருள்களுக்கு 55 மைக்ரானோடு திருப்தி அடைகிறது. ஆக, நீளமான பைப்பின் பூச்சை அளந்து, அதிலிருந்து மொத்தத் தொடரின் ஆயுளைச் சொல்வது, சங்கிலியின் தடித்த கண்ணியை நிறுத்துப் பார்த்துவிட்டுத் தேரை இழுக்கச் சொல்வதைப் போன்றது. ஆயுளைக் கணிக்க வேண்டிய இடம் மூட்டு. பூச்சை அளக்க வேண்டிய இடமும் அதுதான். சோதனைச் சான்றிதழோ பெரும்பாலும் பைப்போடு வருகிறது. இணைப்புத் துண்டுகள் சாக்குப்பையில் எண்ணிக்கைக்கு வருகின்றன.

உள்ளே ஓடும் தண்ணீருக்கு வந்தால் கணக்கு இன்னும் நுட்பமாகிறது. குழாய்க்குள் உலரும் நேரமே கிடையாது. அதனால் வெளிக்காற்றில் கிடைத்த பாதுகாப்புப் படலம் அங்கே அதே மாதிரி அமையாது. தண்ணீரின் பி.எச். அளவு ஆறுக்குக் கீழே இறங்கினால் துத்தநாகம் வேகமாகக் கரையும். தண்ணீர் ஓரளவு கடினமாக இருந்தால், சுண்ணாம்புப் படிவு உட்சுவரில் மெல்லிய மேலாடையாக ஒட்டிக் காக்கும். 1936-லேயே கலிபோர்னியாவின் பேராசிரியர் லாங்கிலியர், பி.எச்., கால்சியம், காரத்தன்மை, வெப்பம் ஆகியவற்றை வைத்து ஒரு தண்ணீர் சுண்ணாம்பைப் படிய வைக்குமா கரைக்குமா என்று சொல்லும் குறியீட்டைத் தந்துவிட்டார். தமிழ்நாட்டுப் போர் தண்ணீர் பல ஊர்களில் கடினமானது. ஆகவே படிவு உண்டு. கூடவே குளோரைடும் உண்டு. குளோரைடு அந்த மேலாடையில் ஓட்டை போட்டு, ஊசிக் குத்துப் போல ஆழமாக அரிக்கும். வெப்பம் இன்னொரு எதிரி. சுமார் 60 டிகிரிக்கு மேல் சில வகைத் தண்ணீரில் துத்தநாகமும் இரும்பும் தங்கள் இடத்தை மாற்றிக்கொள்கின்றன. காக்க வேண்டிய துத்தநாகம் நிற்க, காக்கப்பட வேண்டிய இரும்பு கரையத் தொடங்கும். தாமிரக் குழாய் வழியாக வந்த தண்ணீர் அதன் பிறகு ஜி.ஐ. குழாயில் நுழைந்தால், கரைந்து வந்த தாமிரத் துகள் துத்தநாகத்தின் மேல் படிந்து அங்கங்கே குழி பறிக்கும். மொட்டை மாடியில் தாமிரக் குழாய்கள் கொண்ட சூரிய வெந்நீர்க் கலனை வைத்து, அதிலிருந்து குளியலறைக்கு ஜி.ஐ. பைப்பில் வெந்நீர் இறக்கும் வீடு இந்த இரண்டு தவறையும் ஒரே கோட்டில் செய்கிறது. அந்தக் குழாய் சீக்கிரம் கெட்டால் அதைத் தலைவிதி என்று சொல்ல முடியாது. முன்பே சொல்லியிருக்கக் கூடிய விடை அது.

முன்பே சொல்லியிருக்கக் கூடிய விடையைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு, நமக்கு உரிமையுள்ள ஒரு பொருளின் கதை இருக்கிறது. 1970-களில் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் கைபம்பிலிருந்து யூனிசெஃப் உதவியோடு உருவாகி, சென்னையில் ரிச்சர்ட்சன் அண்டு குருடாஸ் நிறுவனம் செய்து கொடுத்த ‘இந்தியா மார்க் 2’ கைபம்பு, வறட்சிக் காலத்தில் நம் கிராமங்களைக் காத்தது. 1980-களில் கோயம்புத்தூர் வட்டாரத்தில் அதைக் களத்தில் சோதித்துத் திருத்தினார்கள். அது ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்கும் பரவியது. பம்பின் உயிர்நாடி, கிணற்றுக்குள் இறங்கும் 3 மீட்டர் நீள ஜி.ஐ. குழாய்களும், அவற்றை ஒன்றோடொன்று மரையால் சேர்க்கும் சாக்கெட்டுகளும்தான். மேற்கு ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் நிலத்தடி நீர் அமிலத்தன்மை கொண்டது. அங்கே துத்தநாகம் விரைவில் கரைந்து, குழாயில் ஓட்டை விழுந்தது. மரை அரித்த இடத்தில் குழாய் கழன்று கிணற்றுக்குள் விழுந்தது. தண்ணீர் செம்மண் நிறத்தில் இரும்பு வாடையோடு வந்ததால், மக்கள் பம்பை விட்டுவிட்டுப் பழைய குட்டைக்கே திரும்பினார்கள். லாங்கனெகர் என்ற ஆய்வாளர் இதை அளந்து, பி.எச். 6.5-க்குக் கீழே இருந்தால் ஜி.ஐ. குழாய் பொருந்தாது என்று எழுதிய அறிக்கையை உலக வங்கி 1994-ல் வெளியிட்டது. உகாண்டா அரசு கைபம்புகளில் ஜி.ஐ. குழாயை நிறுத்தச் சொன்னது 2016-ல். இடையில் 22 ஆண்டுகள். அறிவு அறிக்கையில் இருந்தது. கொள்முதல் பட்டியலில் பழைய வரியே இருந்தது. பம்பின் வடிவமைப்பில் பிழை இருந்தது என்று இதற்கு அர்த்தமில்லை. ஓர் ஊரின் தண்ணீரில் தேறிய பொருளை, தண்ணீரைச் சோதிக்காமல் இன்னோர் ஊரில் இறக்கியதுதான் பிழை.

தண்ணீர் ஊருக்கு ஊர் மாறுவதோடு நிற்பதில்லை, ஒரே ஊரில் நாளுக்கு நாளும் மாறும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஃபிளின்ட் நகரம், செலவைக் குறைக்க 2014 ஏப்ரலில் தன் குடிநீரை டெட்ராய்ட் அமைப்பிலிருந்து ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றியது. ஆற்று நீரில் குளோரைடு அதிகம். அரிப்பைத் தடுக்கும் பாஸ்பேட்டையும் சேர்க்கவில்லை. பல ஆண்டுகளாகக் குழாய்களின் உட்புறம் படிந்திருந்த பாதுகாப்புப் படலம் சிதைந்து, ஈயமும் துருவும் வீட்டுக் குழாயில் வந்தன. அங்கிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை, இயந்திர பாகங்கள் அரிக்கின்றன என்று சொல்லி அதே ஆண்டு அக்டோபரில் அந்தத் தண்ணீரை விட்டு விலகியது. இயந்திரத்துக்கு ஆகாது என்று தெரிந்த தண்ணீரை மக்கள் மேலும் ஓராண்டு குடித்தார்கள். ஈயக் குழாய் வழியாக வந்த தண்ணீரைச் சுமந்த ஜி.ஐ. குழாயின் துருப்படிவில் ஈயம் தங்கி, பிறகு மெல்ல வெளியேறும் என்பதால், 2021-ல் அமெரிக்கா திருத்திய விதிகள் அத்தகைய ஜி.ஐ. குழாய்களையும் மாற்ற வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தன. சென்னைக்கு இது அந்நிய நாட்டுச் செய்தி மட்டுமல்ல. ஏரி நீர், கிருஷ்ணா நீர், வீராணம் நீர், 2010-லிருந்து மீஞ்சூரின், 2013-லிருந்து நெம்மேலியின் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நீர், கோடையில் லாரித் தண்ணீர், ஆழ்துளைக் கிணறு என்று ஒரே அடுக்குமாடிக் கட்டடம் ஒரே ஆண்டில் பல தண்ணீரைச் சந்திக்கிறது. கடல்நீரிலிருந்து பிரித்த தண்ணீர் இயல்பில் கனிமம் அற்றது. சுண்ணாம்புச் சத்து சேர்த்து அதைச் சமன்படுத்தியாக வேண்டும். அந்த வேலை எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்பதில், குடிப்பவரின் நலனோடு குழாயின் ஆயுளும் அடங்கியிருக்கிறது.

இவ்வளவு மாறிகள் இருந்தால் கணிப்பு எப்படிச் சரியாக இருக்கும் என்பது முதல் மறுப்பு. நியாயமான மறுப்பு. 33 முதல் 100 ஆண்டு என்பதெல்லாம் ஒரு கணிப்பா என்று கேட்கலாம். ஆனால் நம் குடிநீர்த் திட்டங்கள் எல்லாம் 30 ஆண்டுக்குப் பிந்தைய மக்கள்தொகையை மதிப்பிட்டுத்தான் வடிவமைக்கப்படுகின்றன. ஓர் ஊருக்கு யார் குடிவருவார்கள், எந்த ஆலை வரும், எது மூடப்படும் என்று யாருக்கும் தெரியாது. இருந்தும் அந்த மதிப்பீட்டை எழுதுகிறோம், அதன்மேல் கோடிகளைச் செலவிடுகிறோம். மனிதர்களின் போக்கையே 30 ஆண்டுக்குக் கணிக்கத் துணிந்த துறை, துத்தநாகத்தின் போக்கைக் கணிக்கத் தயங்குவதற்குக் காரணம் இல்லை. மேலும், கணிப்பு வரம்பாக இருப்பது அதன் பலவீனம் ஆகாது. 8 முதல் 17 ஆண்டு என்று தெரிந்தால், ஏழாம் ஆண்டிலேயே சோதிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். நம்பக் கூடாத கணிப்பு வேறொன்று இருக்கிறது. உப்பு நீரைப் பனியாகத் தெளிக்கும் பெட்டியில் இத்தனை மணி நேரம் தாங்கியது, ஆகவே இத்தனை ஆண்டு தாங்கும் என்று சொல்லும் விளம்பரக் கணக்குதான் அது. அந்தப் பெட்டியில் உலர்வே கிடையாது என்பதால், துத்தநாகத்தின் இயல்பான பாதுகாப்புப் படலம் அங்கே உருவாக வாய்ப்பில்லை. மணியை ஆண்டாக மாற்றும் நிலையான வாய்பாடு எதுவும் இல்லை.

சராசரி என்ற சொல்லிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு நடுத்தர அடுக்குமாடியில் 200 மூட்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மூட்டும் பத்தாண்டில் ஒழுகுவதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான் என்றும் வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு மிக நல்ல தரமாகத் தெரியும். ஆனால் 200 மூட்டில் ஏதாவது ஒன்றாவது ஒழுகுவதற்கான வாய்ப்பைப் பெருக்கிப் பார்த்தால் 87 சதவீதம் வருகிறது. சுவருக்குள் புதைத்த குழாயில் ஒரு மூட்டு ஒழுகினாலே டைல்ஸை உடைத்தாக வேண்டும். எனவே சராசரி மூட்டு எவ்வளவு நாள் இருக்கும் என்ற கேள்வியால் பயனில்லை. மிக மோசமான மூட்டு எப்போது போகும் என்பதே கேள்வி. மிக ஆழமான குழியின் அளவை முன்கணிக்க, வெள்ளத்தின் உச்ச அளவைக் கணிக்கும் அதே உச்சமதிப்புப் புள்ளியியலைத்தான் அரிப்பியலாளர்கள் பயன்படுத்துகிறார்கள். அணை கட்டும்போது சராசரி மழையை மட்டும் பார்த்து மதகு வைப்பதில்லை. குழாய்க்கும் அந்த நியாயமே பொருந்தும்.

இரண்டாவது மறுப்பு: எல்லாரும் பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டார்கள், இனி ஜி.ஐ. பற்றிப் பேசி என்ன பயன்? வீட்டுக்குள் சி.பி.வி.சி., யு.பி.வி.சி. வந்துவிட்டது உண்மை, பல இடங்களில் அது சரியான தேர்வும்கூட. ஆனால் தீயணைப்புக் குழாய்கள், மலைப்பகுதியில் பாறைமேல் வெளியே போடும் குழாய்கள், அடி பட வாய்ப்புள்ள பொது இடங்கள், ஆழ்துளைக் கிணற்றின் மோட்டாரைத் தாங்கும் தொடர்கள் ஆகியவற்றில் இரும்பின் பலம் இன்னும் தேவைப்படுகிறது. ஏற்கெனவே பதித்துக் கிடக்கும் ஜி.ஐ. குழாய்களோ எண்ணற்றவை. தண்ணீர் நிரப்பாமல் அழுத்தக் காற்றை அடைத்து வைக்கும் தீயணைப்புத் தெளிப்பான் தொடர்களில், அடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கினாலே ஜி.ஐ. குழாயில் எதிர்பாராத வேகத்தில் குழி விழுகிறது என்பது அந்தத் துறையினர் நன்கு அறிந்த பாடம். தீ பிடிக்கும் நாளில்தான் அந்தக் குழாயின் ஆயுள் முடிந்துவிட்டதை நாம் தெரிந்துகொள்ள வேண்டுமா? பிளாஸ்டிக்குக்கும் வெயில், வெப்பம், அழுத்தம் சார்ந்த தனி ஆயுள் கணக்கு உண்டு. இடத்தைக் கேட்டு ஆயுளைச் சொல்லும் பழக்கம் வந்துவிட்டால், நாளைக்கு வரும் எந்தப் பொருளுக்கும் அது உதவும்.

மூன்றாவது மறுப்பு செலவு பற்றியது. இத்தனை சோதனை கேட்டால் சிறு உற்பத்தியாளர் தாங்குவாரா, விலை ஏறி ஏழைக்குச் சுமையாகாதா? இங்கே கேட்கப்படும் சோதனைகள் விண்வெளிக் கலத்துக்கானவை அல்ல. பூச்சின் தடிமனைக் காந்தத் தத்துவத்தில் அளக்கும் கையடக்கக் கருவி, பொருளைச் சேதப்படுத்தாமல் நொடியில் விடை சொல்லும். பூச்சு எல்லா இடத்திலும் சீராக இருக்கிறதா என்று மயில்துத்தக் கரைசலில் ஒவ்வொரு நிமிடமாக முக்கிப் பார்க்கும் பழைய முறையை ஐ.எஸ். 2633 தரநிலை ஏற்கெனவே விவரிக்கிறது. தண்ணீர்ச் சோதனைக்கும் புதிய கட்டமைப்பு வேண்டாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகங்கள் உண்டு, பி.எச்., கடினத்தன்மை, காரத்தன்மை, குளோரைடு ஆகியவற்றைக் குடிக்கத் தகுந்ததா என்று பார்க்க அவர்கள் எப்படியும் அளக்கிறார்கள். அதே எண்களே குழாய்க்குத் தகுந்ததா என்ற கேள்விக்கும் விடை தரும். உலக அளவில் அரிப்பால் ஆகும் செலவு ஆண்டுக்குச் சுமார் 2.5 லட்சம் கோடி டாலர் என்றும், தெரிந்த தடுப்பு முறைகளைக் கையாண்டாலே அதில் 15 முதல் 35 சதவீதம் மிச்சமாகும் என்றும் நேஸ் என்ற பன்னாட்டு அரிப்பியல் அமைப்பு 2016-ல் மதிப்பிட்டது. சோதனைக்கு ஆகும் செலவை இந்தத் தொகைக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பேச வேண்டும். நேர்மையாகப் பூசும் சிறு உற்பத்தியாளருக்கு இந்தச் சோதனை காவலாகவே அமையும். மெலிந்த பூச்சோடு விலையைக் குறைத்துப் போட்டி போடுபவரிடம் இன்று தோற்றுக்கொண்டிருப்பவர் அவர்தான்.

ஆக, காரைக்குடியில் காற்றின் வரைபடம் இருக்கிறது. மாவட்ட ஆய்வகங்களில் தண்ணீரின் கணக்கு இருக்கிறது. தரநிலைகளில் பூச்சை அளக்கும் முறை இருக்கிறது. மூன்றும் மூன்று அலுவலகத்தில் தனித்தனிக் கோப்பாகக் கிடக்கின்றன. ஒரே ஒப்பந்தப்புள்ளியில் அவற்றைச் சேர்ப்பவர்தான் இல்லை. சேர்ப்பதற்கு நான்கு வரி போதும். குழாய் பதிக்கும் இடத்தின் காற்று வகையையும் தண்ணீரின் குணத்தையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பூச்சின் தடிமனைப் பைப்பில் அளப்பதோடு நிறுத்தாமல், சாக்குப்பையிலிருந்து எடுத்த எல்போவிலும் சாக்கெட்டிலும் அளந்து பதிவுசெய்யுங்கள். கணித்த ஆயுளின் கீழ்வரம்பையும், முதல் சோதனை நடக்க வேண்டிய ஆண்டையும் கட்டடத்தின் ஆவணத்தில் குறியுங்கள். ஒவ்வொரு முக்கியத் தொடரிலும் இரண்டு யூனியனுக்கு (கழற்றி மாட்டக்கூடிய இணைப்புக்கு) நடுவே ஒரு அடி நீளச் சாட்சித் துண்டைப் பொருத்தி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை கழற்றி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்து, கணக்கைத் திருத்துங்கள். சுவரை இடிக்காமல் குழாயின் வயிற்றைப் பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை.

அரசு இதைச் செய்யும்வரை வீடு கட்டுபவரும் அடுக்குமாடிச் சங்கத்தினரும் காத்திருக்க வேண்டியதில்லை. போர் தண்ணீரின் சோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு குழாய் வாங்கப் போகலாம். வெந்நீர்த் தொடரில் ஜி.ஐ. வேண்டாம் என்று பிளம்பரிடம் முன்பே சொல்லிவிடலாம். மரை வெட்டும் தொடருக்கு மஞ்சள் கோட்டு பைப்பைத் தவிர்க்கலாம். வெட்டிய மரையில் வெளியே தெரியும் இரும்பின் மேல், மூட்டை இறுக்கியதும் துத்தநாகப் பூச்சுப் பெயிண்டைத் தடவச் சொல்லலாம். கடைக்காரர் ஐம்பது வருஷம் என்று சொன்னால், எந்தத் தண்ணீரில், எந்த மூட்டில் என்று கேளுங்கள். அவரிடம் விடை இல்லாவிட்டால், அந்த ஐம்பதை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள்.